பேருந்துக் காசு எந்தக் கணக்கில்?

செவ்வாய்க்கிழமை தோறும் மனநலப் பிரிவு நடக்கும் ஓர் அரசு மருத்துவமனை வராந்தாவில், சில மாதங்களுக்கு முன் ஒரு தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் உறவினர் ஒருவருக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மகனுக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். மகன் தரையைப் பார்த்தபடி இருந்தார். பேச்சுவாக்கில் அந்த அம்மா தன் கணக்கைச் சொன்னார். "டவுன் பஸ்ல எனக்கு டிக்கெட் இல்ல தம்பி, இவனுக்கு உண்டு. அங்கேருந்து பெரிய பஸ்ஸு, ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு. டீ, பன்னு. அன்னிக்கு நூறு நாள் வேலைக்கும் போக முடியாது. பதினஞ்சு நாளைக்குத்தான் மாத்திரை தர்றாங்க. அதான் காலையில குடுக்கறத நிறுத்திட்டு ராத்திரி மட்டும் குடுத்து ஒரு மாசம் ஓட்டிடறேன்." மாதக் கடைசியில் அரிசியை அளந்து உலையில் போடுகிற பெண்ணின் குரலில் அதைச் சொன்னார்.

மாத்திரை இலவசம்தான். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டங்களுக்கு அனுப்புவதால், ரிஸ்பெரிடோனும் ஒலான்சபினும் ஏழைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன. மருத்துவருக்கு அரசு சம்பளம், கட்டடமும் அரசுடையது. இத்தனை பணம் செலவான பிறகும் அந்த மகனின் உடம்புக்குள் போவது பாதி மருந்து. மீதிப் பாதி பேருந்துக் கட்டணத்தில் நின்றுவிடுகிறது. ஆறு மாதத்தில் நோய் திரும்பினால் அரசு மறுபடியும் படுக்கை, உணவு, ஊசி என்று செலவழிக்கும்.

மனநலத்துக்கான பொது நிதி பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் 'நிதி போதாது' என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. போதாதுதான். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இருக்கிற பணம் நோயின் எந்தக் கட்டத்தில் செலவாகிறது? நோய் வெடிக்கிற வாரத்துக்கு ஓரளவு பணம் இருக்கிறது. அதன்பின் வரும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த ஆண்டுகளின் செலவைக் குடும்பம் ஏற்கிறது. குடும்பம் என்றால் பெரும்பாலும் ஒரு பெண்.

தேவையின் அளவு தெரியாத ஒன்றல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் 39,532 பேரைச் சந்தித்துத் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேர் அந்த நேரத்தில் ஏதோவொரு மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். சிகிச்சை சென்றடையாதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. பலரும் மேற்கோள் காட்டும் எண்கள் இவை. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு: நோயாளியின் குடும்பம் சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் மாதம் ஏறக்குறைய 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டது. வராந்தா பெஞ்சில் நான் கேட்டதைத்தான் ஒரு தேசியக் கணக்கெடுப்பும் பதிவு செய்திருக்கிறது.

இதை அரசின் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். 2023-24 மத்திய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்தின் கீழ் மனநலத்துக்கென்று நேரடியாகக் காட்டப்பட்ட தொகை 919 கோடி ரூபாய். அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டில் அது சுமார் ஒரு சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மனநல வரைபடத்தில், அரசுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு ஒதுக்குவதன் இடைநிலை அளவு 2.1 சதவீதம் என்றிருந்தது. உலக அளவே வெட்கப்படும்படிதான் இருக்கிறது. நாம் அதிலும் பாதியில் நிற்கிறோம். 919 கோடியில் 721 கோடி நிம்ஹான்ஸுக்கு, 64 கோடி அசாமின் தேஜ்பூரில் உள்ள மண்டல மனநல நிறுவனத்துக்கு, 134 கோடி டெலி மானஸ் தொலைபேசிச் சேவைக்கு. நாலில் மூன்று பங்குக்கும் மேல் ஒரே வளாகத்துக்குப் போகிறது.

நிம்ஹான்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி, 1974இல் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையோடு இணைக்கப்பட்ட அந்த நிறுவனம் இல்லாவிட்டால் இன்றைய மருத்துவர்களில் பலரும் இல்லை, மேலே சொன்ன கணக்கெடுப்பும் இல்லை. மாவட்டங்களுக்கான பணம் தேசிய சுகாதார இயக்கத்தின் பொதுத் தொகுப்பிலிருந்து தனியாக வருகிறது என்பதையும், மருத்துவமனைச் சம்பளத்தைப் பெரும்பாலும் மாநிலங்களே கொடுக்கின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிக்கலும் அங்கேதான். ஒரு குடிமகன் தன் மாவட்டத்தில் மனநோய்க்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது என்று தெரிந்துகொள்ள ஓரிடம் கிடையாது. பெண்களுக்கான ஒதுக்கீடுகளைத் திரட்டித் தனி அறிக்கையாக மத்திய பட்ஜெட்டோடு வெளியிடும் வழக்கம் 2005-06இலேயே வந்துவிட்டது. மனநலத்துக்கு அப்படி ஓர் ஏடு இன்னும் வரவில்லை.

இந்தப் பணம் இப்படிப் பாய்வதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனொலி என்ற மருத்துவர் தொடங்கிய காப்பகம், 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. ஊரின் பெயரே வசைச்சொல்லாகிப் போகும் அளவுக்கு அந்த மதில் தமிழர் மனத்தில் பதிந்தது. காலனிய அரசுக்குப் பைத்தியம் என்பது தெருவிலிருந்து அகற்றப்பட வேண்டிய ஒன்று. செலவு முழுக்கச் சுவருக்கும் காவலுக்கும் போனது. 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு தன் அறிக்கையைக் கொடுத்தபோது சுமார் 40 கோடி மக்களுக்கு நாடெங்கும் 10,000 படுக்கைகளே இருந்தன. ஆகவே மேற்கு நாடுகளைப் போல 'மருத்துவமனைகளைக் கலைத்துவிட்டுச் சமூகத்துக்குப் போவோம்' என்ற விவாதம் இங்கே முழுதாகப் பொருந்தாது. இங்கே பெரும்பான்மையினர் எப்போதும் வீட்டில்தான் இருந்தார்கள், தர்காவிலும் கோயில் மண்டபத்திலும் இருந்தார்கள்.

அதைப் புரிந்துகொண்ட மருத்துவர்கள் சிலர் இருந்தார்கள். ஐம்பதுகளில் அமிர்தசரஸ் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார் வித்யா சாகர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் அதே காலத்திலிருந்து உறவினர்களும் நோயாளியோடு தங்குகிறார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்திய சாரதா மேனன், அந்தக் காப்பகத்தைச் சிகிச்சைக்கூடமாக மாற்றப் பாடுபட்டார். ஓய்வுக்குப் பிறகு, மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது என்ற தெளிவோடு 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தோழர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1975இல் சண்டிகர் அருகே ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூரு அருகே சகல்வாராவிலும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே மனநோயைக் கண்டறிந்து பார்த்துக்கொள்ளும் சோதனைகள் நடந்தன. அவற்றின் பலனாக 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் செய்து காட்டிய முறையை ஒட்டி 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று.

சிந்தனை சரியாகத்தான் இருந்தது. ஆனால் 1982 திட்டத்தோடு அதற்கேற்ற பணம் வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் அது பெரும்பாலும் காகிதத்தில் கிடந்தது.

அந்த இடைவெளியின் விலை பின்னால் தெரிந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்துவந்த காப்பகங்களில் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தவர்களுக்குச் சங்கிலிதான் நினைவில் நின்றது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. அவர்களில் பலர் மாதாமாதம் பணம் அனுப்பியவர்கள். அரசு கொடுக்காத இருபத்துநான்கு மணிநேரக் கவனிப்பை, தங்களால் முடிந்த விலைக்கு வாங்கியவர்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கானவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். பின்னாளில் தர்காவிலேயே அரசு மருத்துவரும் உட்காரும் 'தவா-துவா' ஏற்பாடு, மருந்தும் தொழுகையும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி, ஏர்வாடிக்கு வந்தது. நம்பிக்கையைக் கேலி செய்யாமல் அதன் வாசலிலேயே மருந்தை வைத்த அந்த அணுகுமுறையை நான் மதிக்கிறேன். இதற்கெல்லாம் 28 பேர் எரிய வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

இன்றைய சட்டத்தில் குறை காண்பது கடினம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. சங்கிலியிடுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொன்னது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்றது. வீட்டிலேயே சிகிச்சை, பாதுகாக்கப்பட்ட குடியிருப்பு, பாதிவழி இல்லம் என்று அது அடுக்கும் சேவைகளைப் படித்தால், எழுதியவர்கள் நோயாளிகளின் வாழ்க்கையை அறிந்தவர்கள் என்று தெரியும். உரிமை எழுதப்பட்டுவிட்டது, செலவுக்கான தலைப்பு எழுதப்படவில்லை. சட்டம் வந்த 2018-19இல் தேசிய மனநலத் திட்டத்துக்கு 50 கோடி ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது 40 கோடியாகக் குறைந்தது. அதிலும் பெரும்பகுதி செலவாகவில்லை.

'கொடுத்ததையே செலவழிக்காதவர்களுக்கு இன்னும் எதற்குப் பணம்?' என்ற கேள்வி நிதித்துறையிலிருந்து எப்போதும் வரும். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த உதவி ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.20 லட்சம் ரூபாய் வரை. இருபது லட்சம் மக்கள் உள்ள மாவட்டம் என்றால் தலைக்கு நான்கு ரூபாய் சொச்சம். கடுமையான மனநோயோடு இருப்பவர்கள் பெரியவர்களில் 0.8 சதவீதம் என்கிறது கணக்கெடுப்பு. அப்படியென்றால் அந்த மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேல். லேசான பாதிப்பு, குடிநோய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மொத்தத் தொகையையும் இவர்களுக்கே பிரித்தாலும் ஆளுக்கு மாதம் சுமார் 60 ரூபாய்தான். இந்தத் தொகையில் ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எல்லோரையும் ஒப்பந்த முறையில், ஆண்டுதோறும் நீட்டிப்பை எதிர்பார்க்கும் வேலையில் அமர்த்த வேண்டும். தனியார் மருத்துவமனை கூப்பிட்டதும் அவர்கள் போய்விடுகிறார்கள், பணியிடம் காலியாகிறது, சம்பளத் தொகை செலவாகாமல் நிற்கிறது. அடுத்த ஆண்டு அதையே காரணம் காட்டித் தொகையைக் குறைக்கிறார்கள். பல ஊர்களில் ஆண்டின் முதல் தவணை வந்துசேரவே மாதங்கள் ஆகின்றன. செலவாகாத பணம் தேவையின்மையைக் காட்டுவதாக எடுத்துக்கொள்வது, பூட்டிய ரேஷன் கடையைப் பார்த்து ஊரில் பசி இல்லை என்று முடிவு செய்வதற்குச் சமம்.

ஆள் பற்றாக்குறை உண்மையிலேயே கடுமையானது. லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்களாவது வேண்டும் என்ற இடத்தில் இந்தியாவில் 0.75 பேர்தான் என்று 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் சுட்டிக்காட்டியது. அவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். மருத்துவர்களை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேலாகும். அதுவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியது ஆராய்ச்சிதான். அங்கேயும் இதே கதை.

மனநல ஆராய்ச்சிக்கு உலகமெங்கும் 2015 முதல் 2019 வரை செலவானது ஆண்டுக்குச் சராசரியாக 370 கோடி டாலர் என்று, இவ்வகை ஆராய்ச்சிக்கு நிதி தருவோரின் சர்வதேசக் கூட்டமைப்பு 2020இல் கணக்கிட்டது. பூமியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அரை டாலர். அதில் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் செலவானது 2.4 சதவீதம். பெரும்பகுதி மூளை, மரபணு சார்ந்த அடிப்படை ஆய்வுகளுக்குப் போகிறது. அவை வேண்டும். ஆனால் ஏற்கெனவே இருக்கிற மருந்து ஏன் பாதிதான் உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வுக்குப் பணம் கேட்டால், அது அறிவியலாகவே பார்க்கப்படுவதில்லை.

இந்தியப் பொதுப் பணம் அரிதாகத் துணிந்தபோது எப்படிப்பட்ட அறிவு கிடைத்தது என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1981இல் லக்னோ, வேலூர், சென்னை ஆகிய மூன்று ஊர்களில் மனச்சிதைவு நோயின் போக்கை ஆராயத் தொடங்கியது. சென்னையில் முதன்முறை நோய் கண்ட 90 பேர் சேர்க்கப்பட்டார்கள். அரசின் ஆய்வுக்காலம் முடிந்த பிறகும் ஸ்கார்ஃப் அவர்களை விடவில்லை. பத்தாண்டு, இருபதாண்டு, இருபத்தைந்து ஆண்டு என்று வீடு வீடாகப் பின்தொடர்ந்தது. முகவரி மாறியவர்களைத் தேடி அலைந்து, இறந்தவர்களைப் பதிவு செய்து, திருமணமானவர்களையும் கைவிடப்பட்டவர்களையும் கேட்டறிந்து சேர்த்த அறிவு அது. பத்தாண்டுக்குப் பின்னும் கணிசமானோர் மணமாகி, வேலை பார்த்து வாழ்ந்தார்கள் என்ற முடிவு, 'இந்த நோய் வந்தால் அவ்வளவுதான்' என்ற பேச்சை உடைத்தது. ஏழை நாடுகளில் மனச்சிதைவின் முடிவுகள் மேல் என்று அந்நாளில் உலகளவில் பேசப்பட்ட கருத்தை, சிகிச்சையே காணாதவர்களையும் கணக்கில் எடுத்துப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள்; அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. விவாதிக்கவாவது தரவு இருக்கிறதே என்பதுதான் என் மகிழ்ச்சி. கால் நூற்றாண்டு ஒரே நோயாளிகளோடு நடந்த ஆய்வுகள் உலகிலேயே அரிது. மூன்றாண்டுத் திட்ட நிதியை நம்பியிருந்தால் இது நடந்தே இருக்காது.

அதற்குப் பிறகு நம் ஊர்களில் நடந்த பெரிய சோதனைகள் பலவற்றுக்குப் பணம் கடல் கடந்து வந்தது. கோவாவில் விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும், மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்தாலே மனச்சோர்வு குறைவதைக் காட்டினார்கள். கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாட்டுக் கிராமப்புறம் ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம், சமூகப் பணியாளர் வீட்டுக்கே போய் மருந்து, வேலை, குடும்பம் என்று துணை நிற்பது பலன் தருமா என்று சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. பலன் மிதமானது, ஆனால் உண்மையானது. தமிழ்நாட்டில் கூடுதலாகவே தெரிந்தது. இந்த ஆய்வுகளுக்கு நிதி தந்தது பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை. தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிட்டவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியேற்றி, ஒரு துணையாளரையும் உடன் வைத்துப் பார்த்தது. 'ஹோம் அகெய்ன்' என்ற அந்த முயற்சிக்கு ஆரம்ப உதவி கனடாவிலிருந்து வந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

வெளிநாட்டுப் பணம் தீண்டத்தகாதது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆய்வு முடிந்த மாதம் அந்தச் சமூகப் பணியாளருக்குச் சம்பளம் நின்றுவிடுகிறது. வாராவாரம் வந்து போன பெண் வரவில்லையே என்று நோயாளி வாசலைப் பார்த்து நிற்கிறார். பலன் உண்டு என்று நிரூபித்துவிட்டு அந்தப் பலனைத் திரும்ப எடுத்துக்கொள்வது எந்த ஆய்வு நெறிமுறையிலும் சரியாகாது. நிரூபணமான மறுநாள் அரசு அதை எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும், அதற்கான தொகையும் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும்.

ஆராய்ச்சியும் அரசின் முடிவும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1995இல் அங்கே லட்சம் பேரில் 57 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 2015இல் விகிதம் 17ஆகக் குறைந்தது. இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு புதிய மருத்துவமனையும் கட்டாமல் கிடைத்த பலன். நம் கடலூர் மாவட்டக் கிராமங்களில், சென்னை சிநேகா அமைப்பை நிறுவிய லட்சுமி விஜயகுமார், விவசாயிகளின் பூச்சிமருந்தை ஊர்ப்பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்தார். மக்கள் ஒத்துழைத்தார்கள், இறப்புகள் குறைந்தன. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்த பிறகு, நாட்டில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கும் நாம், இத்தகைய எளிய வழிகளை ஊர்தோறும் கொண்டுபோகும் ஆய்வுக்குத் தயங்கக் கூடாது.

டெலி மானஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 14416 என்ற எண்ணுக்கு 2025 தொடக்கத்துக்குள் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. நள்ளிரவில் யாரோ ஒருவர் தமிழில் பதில் சொல்வது சிறிய காரியமில்லை. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் கூப்பிட வேண்டும். அதற்கான ஒதுக்கீடு 134 கோடியிலிருந்து அடுத்த ஆண்டே 90 கோடியானது. அதைவிட முக்கியம், தொலைபேசியை வைத்த பிறகு அந்த மனிதர் போக வேண்டிய இடம். அழைப்பை எடுத்தவர் 'பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க' என்றால், அங்கே அன்று மனநலப் பிரிவு உண்டா, மாத்திரை இருப்பு உண்டா? தொலைபேசி ஒரு வாசல். வாசலுக்குப் பின்னால் வீடு வேண்டும்.

அமெரிக்கா இந்தப் பாடத்தை மிகுந்த வலியோடு கற்றது. 1955இல் அங்கே அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் ஊர்தோறும் சமூக மனநல மையங்களுக்கு வழிசெய்தது. திட்டமிட்ட 1,500 மையங்களில் பாதியளவே எழுந்தன. படுக்கைகள் மட்டும் வேகமாகக் குறைந்தன. வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவமனை மிச்சப்படுத்திய பணம் அவர்கள் பின்னால் போகவில்லை.

நம் மருத்துவமனைகளுக்குள்ளும் போக இடமில்லாதவர்கள் இருக்கிறார்கள். 24 மாநிலங்களின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்து 2019இல் வெளியான கணக்கு ஒன்று, உள்ளிருப்போரில் 36.25 சதவீதம் பேர் ஓராண்டுக்கு மேலாகத் தங்கியிருப்பவர்கள் என்றது. குணமானவர்களும் அதில் உண்டு. வீடு ஏற்கவில்லை, அல்லது வீடே இல்லை. ஒருவரை மருத்துவமனைப் படுக்கையில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்க அரசிடம் பணம் இருக்கிறது. அதே ஆளை வாடகை வீட்டில் வாழவைக்கத் தலைப்பு இல்லை என்பதால் பணம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கான உதவி இன்னும் மெலிந்தது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழே, 80 சதவீத ஊனம் உள்ளவர்களுக்கு, மாதம் 300 ரூபாய். 2012இல் 200ஐ 300ஆக்கியது, அதன்பின் அசையவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்கிறது, 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதற்கான சான்று உண்டு. ஆனால் மனநோய் கால் போன மாதிரி ஒரே நிலையில் நிற்பதல்ல. மாத்திரையால் நன்றாக இருக்கும் நாளில் மருத்துவக் குழுவின் முன் போய் உட்காருகிறவர் தெளிவாகப் பதில் சொல்வார், சதவீதம் குறையும். தெளிவாகப் பேசியதற்காக உதவி போய்விடும் என்ற பயத்தில் ஒரு தாய் மகனிடம் 'ரொம்பப் பேசாதடா' என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். வறுமை, சாதி அவமானம், குடி, கடன் என்று உருவாகும் துயரத்துக்கெல்லாம் நோய்ப் பெயர் வைத்து மாத்திரைக்குப் பணம் கேட்பதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கெடுப்பின் எண்கள் துயரத்தையும் நோயையும் கலந்துவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. கணக்கெடுப்பு சொல்லும் அந்தப் பத்தில் ஒருவர் எல்லோருக்கும் மனநல மருத்துவர் வேண்டியதில்லை. பலருக்குக் கடன் தள்ளுபடியும், குடிக்காத கணவனும், பேசக் காது கொடுக்கும் ஒருவரும் போதும். ஆனால் அந்த வாதம், குரல்கள் கேட்டு உறக்கமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும் ஓர் இளைஞனின் முன் நிற்காது. அவனுக்கு மருந்தும் வேண்டும், மருந்துக்கு அப்பால் வேலையும் வீடும் வேண்டும். பணம் குறைவாக இருக்கும்போது முதலில் அவனிடமும் அவனைப் பார்த்துக்கொள்கிறவரிடமும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படிப் போவதற்கான வழிகள் நம் கையில் இருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே பையில், நிலைப்பட்ட நோயாளிகளுக்கு இரண்டு மாத மனநல மாத்திரையும் தவறாமல் வந்தால், அந்த அம்மாவின் பேருந்துக் கணக்கு ஆண்டுக்கு நாலைந்து பயணமாகச் சுருங்கும். 2021இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியபோது யாரும் அதை மனநலச் செலவாக எண்ணவில்லை. ஆனால் அவருக்கு அது பாதி வழிக்கான மனநல நிதியாகத்தான் இருந்தது. மீதி வழிக்கும் நோயாளியும் துணையும் கட்டணமின்றிப் போக ஒரு சீட்டு போதும். மாவட்டக் குழுவின் வேலைகள் நிரந்தரமானால் மூன்றாண்டு கழித்தும் அதே முகம் நோயாளியை அடையாளம் கண்டுகொள்ளும். மனநோயில் அதுவே பாதிச் சிகிச்சை. பார்த்துக்கொள்கிறவருக்கு மாதாந்திரத் தொகை வேண்டும், நூறு நாள் வேலையில் இழக்கும் கூலிக்கு ஈடாகவாவது. ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கு சேவைகளைப் பற்றிய நீண்டகால ஆய்வுக்கென்று பிரித்து வைக்கப்பட வேண்டும், எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் மேசையில் நோயாளிகளும் அவர்களின் அம்மாக்களும் உட்கார வேண்டும். அவர்களைக் கேட்டால் முதல் கேள்வியாக மரபணு வராது. 'எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?' என்பதுதான் வரும். அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வுகளை நம் நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவில், மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசுகள் பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என்று கெடு விதித்திருக்கிறார்கள். அது 2028 மே மாதம் முடிகிறது. அன்று அரசு ஓர் எண்ணைச் சொல்லும், அது உயர்ந்திருந்தால் மகிழ்ச்சியே. நான் அந்த மருத்துவமனை வராந்தாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய், மாத்திரை எத்தனை நாளைக்குத் தருகிறார்கள், காலை வேளை மாத்திரை காலையில்தான் கொடுக்கப்படுகிறதா என்று பெஞ்சில் இருப்பவர்களிடம் கேட்பேன்.